ஓய்வுக்குப் பிறகு ஊர்ப்பக்கம் குடியேற: காணி பார்ப்பது முதல் பென்சன் மாற்றுவது வரை

பென்சன் எடுத்ததும் பண்டாரவளையில் ஒரு துண்டு, இல்லாவிட்டால் நிலாவெளிப் பக்கம் கடல் தெரிகிற மாதிரி ஒரு வளவு என்று பேசாத வீடு கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குறைவு. அந்தப் பேச்சு பெரும்பாலும் ஏப்ரல் லீவுக்குப் போய்வந்த கையோடு தொடங்கும். ஏப்ரலில் எல்லா ஊரும் வடிவாகத்தான் இருக்கும். விற்பவருக்கும் தரகருக்கும் அது நன்றாகத் தெரியும்.

ஓய்வு பெற இன்னும் இரண்டு மூன்று வருடம் இருப்பவர்களுக்கு இந்தக் குறிப்புகள் அதிகம் உதவும். இங்கே சொல்லும் வேலைகளை அவசரமில்லாமல் செய்ய ஏறக்குறைய ஒன்றரை வருடம் வேண்டும்.

1. ஊரின் மோசமான மாதத்தில் போய்த் தங்குங்கள்

எந்த ஊருக்கும் ஒரு கெட்ட மாதம் இருக்கும். ஹற்றன், நுவரெலியா, அதற்கு மேற்கே உள்ள மலைச்சரிவுகளில் அது ஜூன், ஜூலை. தென்மேற்குப் பருவமழை விட்டு விட்டு வாரக்கணக்கில் பெய்யும். பண்டாரவளை, அப்புத்தளை, பதுளைப் பக்கம் அப்போது வெயிலும் கடும் காற்றும்தான். அங்கே மழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. மட்டக்களப்பு, திருகோணமலை ஊர்களை இரண்டு தடவை பார்க்க வேண்டும். டிசம்பரில் வெள்ளம் எதுவரை ஏறுகிறது என்று ஒரு தடவை, ஆவணியில் கிணறு எவ்வளவு இறங்குகிறது என்று இன்னொரு தடவை. யாழ்ப்பாணத்துக்கும் இதே கணக்குத்தான்.

ஹோட்டலில் தங்க வேண்டாம். யாருடைய வீட்டிலாவது ஒரு அறை எடுத்து ஐந்து இரவாவது இருங்கள். துவைத்த உடுப்பு காய எத்தனை நாள் எடுக்கிறது, அலுமாரிக்குள் வைத்த தோல் செருப்பில் பூஞ்சணம் பிடிக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் போய் மூன்று நான்கு மணித்தியாலம் கழித்து போனில் சிக்னல் நிற்கிறதா என்பதையும் கவனியுங்கள். கோபுரத்தின் பற்றரி இறங்கியதும் சிக்னல் செத்துவிடும் ஊர்கள் மலையில் நிறைய. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதோடு நிற்காமல் ஒருநாள் அதில் ஏறிப் பாருங்கள். மழைநாளில் அது வராத ஊர்களும் உண்டு.

2. ஆஸ்பத்திரியை நிமிடத்தில் அளவுங்கள்

கிலோமீற்றர் கணக்கு மலையில் பொய் சொல்லும். வளைவுப் பாதையில் இரவு 18 கிலோமீற்றர் போக ஒரு மணித்தியாலம் ஆகலாம். இரவு ஒன்பது மணிக்கு மேல், பார்க்கிற வீட்டு வாசலிலிருந்து மாவட்டப் பெரியாஸ்பத்திரிக்கு ஒருதரம் வாகனத்தில் போய்ப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் போதனா வைத்தியசாலை இருக்கிறது. பதுளையிலும் பெரியாஸ்பத்திரி உண்டு. கண்டி தேசிய வைத்தியசாலையை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் உள்ள ஊர்களுக்கு அது பெரிய பலம். உங்களுக்கு என்ன வருத்தம் என்பதைப் பொறுத்துக் கேள்வி மாறும். நெஞ்சு வருத்தக்காரர் இருதய நிபுணர் நிரந்தரமாக இருக்கிறாரா, வாரத்தில் ஒருநாள் வந்து போகிறாரா என்று கேட்க வேண்டும். சிறுநீரக வருத்தம் உள்ளவருக்கு டயலிசிஸ் இயந்திரத்தில் இடம் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் நாடு முழுவதும் ஓடுகிறது, காசும் இல்லை. ஆனால் அந்த ஊருக்கு வண்டி எங்கேயிருந்து புறப்படுகிறது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

உயரத்தையும் யோசியுங்கள். நுவரெலியா 1,868 மீற்றர். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல்லில் பனி உறையும். ஆஸ்துமாவோ மூட்டு வாதமோ உள்ளவர் முதலில் தன் டொக்டரிடம் கேட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்க்கட்டும். பண்டாரவளை அதைவிட 600 மீற்றருக்கு மேல் தாழ்வு, உடம்புக்கு இதமான குளிர்.

இன்னொன்று: காட்சி நல்லாக இருக்கும் வீடு என்றால் அனேகமாகப் படி இருக்கும். ரோட்டிலிருந்து வாசல் வரை படிகளை எண்ணுங்கள். ஐம்பதைத் தாண்டினால், உங்களை ஒரு கதிரையில் வைத்து நாலு பேர் இறக்குவதை மனதில் ஓட்டிப் பாருங்கள். படி ஈரம், பாசி, நள்ளிரவு. அந்த நாலு பேர் யார் என்பதற்கும் விடை வேண்டும்.

3. முதல் வருடம் வாடகைக்கு

கொழும்பு வீட்டையோ ஃபிளாட்டையோ விற்றுவிட்டுப் போகாதீர்கள். அதை வாடகைக்குக் கொடுத்து, வருகிற காசில் ஊரில் வாடகைக்கு இருந்து பாருங்கள். ஒரு வருடம் முடியும்போது இருவரில் ஒருவர் கொழும்புக்குத் திரும்பலாம் என்று சொல்வது மிகச் சாதாரணம். கோயிலும் பழகிய முகங்களும் பேச ஆளும் இல்லாத குறை ஆறாம் மாதத்தில்தான் தெரியும்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு (உறுதி எழுதும் லோயர்) முன் எழுதினால்தான் சட்டப்படி செல்லும். வெள்ளைத்தாளில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்ததை நம்பிப் பெரிய முற்பணம் கொடுக்க வேண்டாம்.

4. தண்ணீர்

இருவருக்கு நாளுக்கு 250 லீற்றர் என்று வைத்தால் 1,000 லீற்றர் டாங்கி நாலு நாள் தாங்கும். தோட்டத்துக்கு வேறு தண்ணீர் வேண்டும்.

கிணற்று ஊர்களில் ஆவணிக் கடைசியில் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்குங்கள். கயிற்றில் எவ்வளவு நனைந்ததோ அதுதான் தண்ணீரின் ஆழம். பிறகு மோட்டரை ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு மறுபடி அளவுங்கள். இறங்கிய மட்டம் அடுத்தநாள் காலைக்குள் பழையபடி வரவில்லை என்றால் அந்தக் கிணறு உங்களுக்குப் போதாது. கரையோர ஊர்களில் மோட்டர் ஓட ஓட உப்பு ஏறும். ஆகவே ருசி பார்க்கிற தண்ணீர் மோட்டர் ஓடி முடிகிற நேரத்துத் தண்ணீராக இருக்கட்டும். மலசலகூடக் குழி உங்களுடையதோ பக்கத்து வளவுக்காரருடையதோ, கிணற்றிலிருந்து 50 அடிக்குள் இருக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல் நிலம். தோட்டப் பசளையும் குழிக் கழிவும் நேரே கீழே இறங்கும். போத்தலில் எடுத்துக்கொண்டு போய் நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் நைத்திரேற்று, கிருமி இரண்டையும் கட்டாயம் பார்ப்பியுங்கள். வவுனியாவுக்குத் தெற்கே, அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் போகிறவர்கள் சிறுநீரக நோய் உள்ள கிராமமா என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

மலையில் பீலித் தண்ணீர். மேலே யாருடைய காணியிலோ ஊற்று இருக்கும், அங்கிருந்து குழாய் வரும். “இருபது வருஷமா வருது சேர், ஒரு பிரச்சினையும் இல்ல” என்பார்கள். மேல்காணி கைமாறிய அன்றைக்குக் குழாய் வெட்டப்படும். ஊற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் உரிமையும் குழாய் வரும் வழியும் காணி உறுதிப் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

5. சரிவும் கடலும்

பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் காணி பார்த்தால், விலை பேச முன்பே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். மண்சரிவு அபாய வரைபடத்தில் காணி எந்த நிறத்தில் விழுகிறது என்று காட்டச் சொல்லுங்கள். அந்தப் பகுதிகளில் வீடு கட்ட பிரதேச சபை அனுமதி கேட்கும்போது இந்த நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையும் கேட்பார்கள். காணி வாங்கிய பிறகு அறிக்கை பாதகமாக வந்தால் வாங்கிய காசு மண்ணோடு மண்தான். 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையிலும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மலையகம் முழுக்கவும் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

காணிக்குப் போனால் கண்ணால் பார்க்க வேண்டியவை: சரிவில் உள்ள மரங்கள் அடியில் வளைந்து மேலே நிமிர்ந்திருக்கின்றனவா? அது மண் மெல்ல நகரும் அடையாளம். சுவரில் படிப்படியாகப் போகும் வெடிப்பு, கதவு நிலையில் இறுகுவது, முன்பு இல்லாத இடத்தில் ஊற்று கசிவது எல்லாம் அதே கதைதான். வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டை நேர்க்குத்தாக வெட்டியிருந்தால் தடுப்புச் சுவரில் தண்ணீர் வெளியேறத் துளைக்குழாய்கள் உண்டா என்று பாருங்கள். துளை இல்லாத சுவர் தண்ணீரைத் தேக்கி வைத்து ஒருநாள் சேர்த்துத் தள்ளிவிடும். வந்து குடியேறிய பிறகும் முற்றத்தில் நேரான பக்கமுள்ள ஒரு டின்னும் அடிமட்டமும் வைத்திருங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் விழுந்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 ஆனால் பையைக் கட்ட வேண்டும், 150 ஆனால் வெளியேற வேண்டும். கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கைப் படிகளும் இந்த அளவுகளில்தான் இருக்கின்றன. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

கடற்கரையில் உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் எதைக் கட்டினாலும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். எத்தனை மீற்றர் ஒதுங்கிக் கட்ட வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும், அதை எழுத்தில் வாங்குங்கள். “பக்கத்து ஆள் கட்டியிருக்கிறார்தானே” என்பது ஆதாரமாகாது.

6. உறுதி

காசு போவது இங்கேதான். லோயரை நீங்கள் பிடியுங்கள். விற்பவரோ தரகரோ கூட்டி வரும் நொத்தாரிசு அவர்களுடைய ஆள். விற்பவரிடம் உறுதியின் பிரதி, அளவைப் படம், சோலைவரி கட்டிய பற்றுச்சீட்டு ஆகியவற்றைக் கேளுங்கள். பிரதேச சபையிலிருந்து வீதிக்கோட்டுச் சான்றிதழும் காணி சுவீகரிக்கப்படவில்லை என்ற சான்றிதழும் எடுக்க வேண்டும். காணிப் பதிவகத்தில் 30 வருடத்துக்குப் பின்னோக்கித் தேடிப் பார்ப்பது லோயரின் வேலை. அதற்கு ஓரிரு வாரம் ஆகும், அவசரப்படுத்த வேண்டாம். மலையகத்திலும் கிழக்கின் சில இடங்களிலும் உறுதி சிங்களத்தில் இருக்கும். தெரிந்த ஒருவரை வைத்து வரிக்கு வரி வாசிப்பியுங்கள். எல்லைகள் என்ன, பாதை உரிமை உண்டா, அதன் அகலம் எத்தனை அடி என்று கேளுங்கள். பாதை 10 அடிக்குக் குறைந்தால் லொறியும் அம்புலன்சும் வாசலுக்கு வருவது கஷ்டம்.

அடிக்கடி மாட்டுகிற இடங்கள் சில.

பெர்மிட் காணி. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோ உள்ள காணி, அதைப் பிரதேச செயலாளரின் அனுமதியில்லாமல் விற்க முடியாது. விலை மலிவாக இருப்பதற்குக் காரணமே அதுதான். கிழக்கிலும் வன்னியிலும் நல்ல காட்சியுள்ள காணிகளில் பல இந்த வகை.

பிரிபடாத பங்கு. உறுதியில் “பிரிபடாத நாலில் ஒரு பங்கு” என்று இருந்தால் வேலி போட்டுக் காட்டிய துண்டு உங்களுடையது என்று சட்டம் சொல்லாது. வடக்கில் தேசவழமை என்ற வழமைச் சட்டப்படி கூட்டுரிமையாளருக்கு முதலில் வாங்கும் உரிமையும் உண்டு. அவர்களுக்கு முறையாக அறிவித்ததற்கு ஆதாரம் இல்லாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

சீவிய உருத்து. தாய் மகளுக்கு நன்கொடை உறுதி எழுதும்போது தன் சீவிய உருத்தை, அதாவது தான் உயிரோடு இருக்கும்வரை காணியை அனுபவிக்கும் உரிமையை, ஒதுக்கி வைப்பது வழமை. தாய் உயிரோடு இருந்தால் அவவும் உறுதியில் கையெழுத்து வைக்க வேண்டும். நன்கொடையை நன்றிகெட்ட நடத்தை என்ற காரணம் காட்டி மீளப்பெற 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. நன்கொடையாக வந்த காணி என்றால் லோயரிடம் இதைத் தனியாகக் கேளுங்கள்.

அற்றோர்னித் தத்துவம் (தனக்காகக் கையெழுத்து வைக்க இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்). விற்பவர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பார், இங்கே மச்சான் கையெழுத்து வைப்பார். தத்துவம் பதியப்பட்டதா, இரத்துச் செய்யப்பட்டதா என்று பாருங்கள். கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் அத்தோடு செத்துவிடும். ஆகவே கையெழுத்து நாளுக்கு முதல்நாள் வீடியோ அழைப்பில் உரிமையாளரின் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

காணியில் ஆள். காவலுக்கு இருத்திய குடும்பம், “சும்மா மரக்கறி போடுறவர்” எல்லாரும் காணியை விட்டுப் போன பிறகு உறுதி முடியுங்கள். தடையில்லாமல் 10 வருடம் அனுபவித்தவர் உரிமை கோரலாம். முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம் பற்றைக் காணி என்றால் வன, வனஜீவராசிகள், தொல்லியல் திணைக்களங்களின் வர்த்தமானி எல்லைக்குள் விழுகிறதா என்று பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேளுங்கள். தோட்டத்து லயமோ பங்களாவோ “குத்தகையை மாற்றித் தருகிறேன்” என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள்.

எல்லாம் சரி என்று லோயர் சொன்ன பிறகு உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு புதிதாக அளப்பியுங்கள். எல்லைக்கல் நடும்போது நாலு பக்கத்து ஆட்களும் நிற்கட்டும். வடக்கில் விலை பரப்புக் கணக்கில் சொல்வார்கள், மற்ற இடங்களில் பேர்ச் கணக்கு. ஒரு பரப்பு 10 பேர்ச். ஒரு ஏக்கர் 16 பரப்பு, அல்லது 160 பேர்ச்.

7. காசு

அட்வான்ஸ் கொடுப்பதானால் விற்பனை உடன்படிக்கை நொத்தாரிசு முன் எழுதுங்கள். கையெழுத்துத் துண்டை வைத்துக்கொண்டு காணியை எழுதித்தரச் சொல்லி வழக்காட முடியாது. மிச்சக் காசை வங்கிக் கட்டளையாகக் கொடுங்கள்.

முத்திரைத் தீர்வை மாகாணத்துக்குப் போகும், வாங்குபவர்தான் கட்டுவது. முதல் 1,00,000 ரூபாவுக்கு 3 வீதம், அதற்கு மேல் 4 வீதம். 80 இலட்சம் பெறுமதியான காணிக்கு 3,000 உம் 3,16,000 உம் சேர்த்து 3,19,000 ரூபா. “உறுதியில் குறைத்துப் போடுவோம்” என்று சொல்வார்கள். தீர்வை சந்தைப் பெறுமதிக்குத்தான்; குறைத்துப் போட்டால் மதிப்பீடு வந்து வித்தியாசம் கேட்பார்கள், கூடுதலாகக் கொடுத்த காசுக்கோ ஆதாரம் இருக்காது. நொத்தாரிசு கட்டணம், அளவைச் செலவு, தேடல் செலவு எல்லாம் இதற்கு வெளியே. எதையும் முன்பே எழுத்தில் கேளுங்கள்.

நொத்தாரிசு உறுதியின் இரண்டாம் பிரதியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். அது ஒரு பக்கம் நடக்கட்டும். மூலப் பிரதியை உடனே பதிவியுங்கள். பதியாத உறுதியை, பிறகு வாங்கி முதலில் பதிந்தவனின் உறுதி வென்றுவிடும்.

8. யாருடைய பெயரில்

பிள்ளைகள் காசு அனுப்பியிருப்பார்கள், “பேரை மகன்ட பேரில போடுவம்” என்ற பேச்சு வரும். மகன் இலங்கைக் குடியுரிமையை விட்டுக் கனேடியக் குடியுரிமை மட்டும் வைத்திருந்தால் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி அவர் இங்கே காணி வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் தடையில்லை. உங்கள் பெயரில் வாங்கி, பிறகு நெருங்கிய உறவுக்கு நன்கொடையாகவோ மரணசாதனத்தாலோ (உயில்) போவதற்கு அந்தச் சட்டம் இடம் விடுகிறது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதினால் ஒருவர் போன பிறகு மற்றவர் அலைச்சல் குறையும். ஆனால் ஒருவர் பங்கு தானாக மற்றவருக்குப் போய்விடும் என்று நினைக்க வேண்டாம், மரணசாதனமும் எழுதி வையுங்கள்.

9. குடிபோன முதல் மாதம்

முதலில் கிராம அலுவலரைச் சந்தியுங்கள். அவருடைய வதிவிடச் சான்றிதழ் இல்லாமல் வங்கியிலிருந்து மின்சார இணைப்பு வரை ஒன்றும் நகராது. கொழும்புக் கிராம அலுவலரிடம் பெயர் நீக்கச் சொல்லி, வாக்காளர் இடாப்பில் புதிய இடத்தில் சேருங்கள்.

அரச ஓய்வூதியம் எடுப்பவரின் கோவை (ஃபைல்) அவர் வதியும் பிரதேச செயலகத்தில் இருக்கும். பழைய பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் மாற்ற விண்ணப்பம் கொடுத்து, கோவை புதிய இடத்துக்கு வந்துவிட்டதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். நடுவழியில் கோவை கிடந்தால் பிறகு உயிர்வாழ் சான்றிதழ், மருத்துவக் காப்புறுதி எல்லாவற்றுக்கும் இரண்டு அலுவலகமும் மற்றதைக் கைகாட்டும். தனியார் துறையில் இருந்தவர் சேமலாப நிதி வேலைகளைக் கொழும்பில் இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது. அதற்கான வயது ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50.

கிளினிக் கொப்பியை வெறுமனே தூக்கிக்கொண்டு புது ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள். பழைய கிளினிக் டொக்டரிடம் மாற்றுக் கடிதம் வாங்குங்கள். அதில் மருந்தின் பெயரும் அளவும் தெளிவாக இருக்க வேண்டும். முதல் கிளினிக் திகதி கிடைக்க மாதம் ஒன்றுக்கு மேல் போகலாம், ஆகவே இரண்டு மாத மருந்து கையில் வைத்திருங்கள்.

சாமான் லொறியை மலைக்குப் பெப்ரவரியிலோ மார்ச்சிலோ அனுப்புங்கள். கிழக்குக்கு ஜூன் சரி. தளபாடத்தில் பாதியைக் கொழும்பிலேயே கொடுத்துவிடுங்கள். பலகை ஒட்டிச் செய்த மலிவு அலுமாரிகள் மலை ஈரத்தில் ஒரு வருடத்தில் ஊதிவிடும். தேக்கும் இரும்பும்தான் தாங்கும்.